மூடின சிப்பிக்கு விலை

துபாய்
24-8-1977

செந்தூர்பாண்டி,

என் தங்கை மரியத்தின் வீட்டைப் பறித்தவன் நீ.

பதினாறாம் தேதி காலையில் கோர்ட்டு அமீனா காயல்பட்டினம் வந்து, புது வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். தெருவில் தமுக்கு அடித்திருக்கிறார்கள். நோன்புக்கு முந்தின நாள். வீட்டு வரிக்குத்தான் தமுக்கு என்று நினைத்து, உம்மா வரி ரசீதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாளாம். மரியம் எழுதியிருக்கிறாள். அமீனா அந்த ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீடு ஹாமிது பேர்லதான இருக்கு, அப்ப சரியாத்தான் வந்திருக்கோம்" என்றானாம்.

நோட்டீசில் என்ன இருக்கிறது தெரியுமா? கிழக்குத்துறை இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியின் பங்குதாரர் ஹாமிது, பிச்சம்மாளுக்கும் இன்னும் நாற்பத்தொரு பேருக்கும் பணம் தரவேண்டும் என்று இருக்கிறது. யார் இந்தப் பிச்சம்மாள்? அவளிடம் நான் எப்போது என்ன வாங்கினேன்? கம்பெனிக்குப் பணம் கொடுத்தவன் நான். துபாயில் ஹார்பர் வேலைக் கேம்பில் ஸ்டோர் கிளார்க்காகச் சிமெண்ட் மூட்டை எண்ணி, இரண்டரை வருடம் கொடுத்தவன். என் பேச்சை நம்பி இந்தக் கேம்பில் பதினெட்டுப் பேர் கொடுத்தார்கள். எனக்குக் கம்பெனி பாக்கி. நான் எப்படிப் பிரதிவாதி ஆனேன்?

எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். காலேஜில் நீ இதைச் சொல்லிக் கேலி செய்வாய்: "ஏலே, உங்க ஊர்ல ஆம்பளைக்குத்தான் மறுவீடு." பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் நிக்காஹ் இல்லை. அண்ணன்கள் கப்பலேறுவது அதற்காகத்தான். என் வாப்பா கொழும்பில் கடை வைத்து, நொடித்து, வெறுங்கையோடு வந்து செத்தார். அந்த மனை ஒன்றுதான் மிச்சம். அதில் நான் கட்டிய வீடு நிக்காஹ் அன்று காலையில் மரியம் பெயருக்கு எழுதப்பட வேண்டியது. அக்டோபர் எட்டாம் தேதி நிக்காஹ். அதுவரை என் பெயரில் கிடந்தது. அதுதான் என் குற்றமா?

ஜூன் மாதத்திலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடனே பதில் எழுது.

ஹாமிது

*

தூத்துக்குடி
6-9-1977

அன்புள்ள மாப்பிள்ளை ஹாமிதுக்கு,

உன் கடிதம் கம்பெனி விலாசத்துக்கு வந்திருந்தது. கம்பெனி ஜூன் இருபதாம் தேதியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. தபால்காரர் பழைய பழக்கத்தில் என் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். அவரும் ஐந்நூறு ரூபாய் டெபாசிட் போட்டவர்தான். "நீங்களாவது ஊர விட்டு ஓடாம இருக்கியளே அண்ணாச்சி" என்றார். பாராட்டினாரா, எச்சரித்தாரா தெரியவில்லை.

நான் எழுதாதது தப்பு. எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று புரியவில்லை. முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி மெட்ராஸில் நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று சொல்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியாது. நான் அவரிடம் மேனேஜர் என்ற பெயரில் சம்பளம் வாங்கினவன். என் வாசலில் தினமும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மனைவி தண்ணீர் பிடிக்கக் கொல்லைப்புறமாகப் போகிறாள்.

நீ எப்படிப் பிரதிவாதி ஆனாய் என்று கேட்கிறாய். எழுபத்துநாலு டிசம்பரில் நீ லீவில் வந்தபோது டெபாசிட் பாரத்தை உன் முன்னால் வைத்தேன். நூற்றுக்குப் பதினெட்டு வட்டி என்று அச்சடித்திருந்தது. நீ பேனாவை மூடி வைத்துவிட்டு, "வட்டி எங்களுக்கு ஹராம், பாண்டி. லாபத்தில் பங்கு என்றால் வாங்குவேன். நஷ்டம் என்றாலும் சம்மதம்" என்றாய். உனக்காக நானே வக்கீலிடம் போனேன். அவர் டெபாசிட் பாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்பெனிக் கூட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் உன்னையும் ஒரு பங்குதாரராகச் சேர்த்துவிட்டார். கேம்பில் உள்ள மற்றவர்களையும் சேர்க்கச் சொன்னேன். இருபது பேருக்கு மேல் கூட்டுச் சேரச் சட்டம் விடாது, துபாய்க்காரர் எல்லோருக்கும் ஹாமிது ஒருவர் பெயர் போதும் என்றார். உன் மார்க்கத்துக்கு மரியாதை செய்ததாகத்தான் நான் நினைத்தேன். சத்தியமாக.

பங்குதாரர் என்றால் கம்பெனி வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் சொந்தச் சொத்து பொறுப்பு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நாமிருவரும் பி.காம். படித்தவர்கள். இதைப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறோம்.

பத்திரத்தில் மூன்று பேர். சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒருவர். போன வருடம் செத்துப்போன அவர் சித்தப்பா ஒருவர். மூன்றாவது நீ. அண்ணாச்சியின் பங்களா அவர் மனைவி அருணாசலவடிவு பெயரில் இருக்கிறது. லாரிகள் மைத்துனர் வெள்ளத்துரை பெயரில். மூவரில் சொந்தப் பெயரில் வீடு வைத்திருப்பவன் நீ ஒருவன்தான்.

உன் வீட்டார் உனக்காக வைத்திருக்கும் வக்கீலைப் பார்த்தேன். அவர் ஒரு வழி சொல்கிறார். நீ போட்டது டெபாசிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உன் உம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியது வட்டி என்று நீ கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டால், நீ பங்குதாரன் இல்லை, கடன் கொடுத்தவன் என்று ஆகிவிடுமாம். வீடு தப்பும். யோசித்துப் பார்.

உன்
பாண்டி

*

துபாய்
22-9-1977

செந்தூர்பாண்டி,

யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக வட்டி தின்றேன், என் உம்மாவுக்கு ஊட்டினேன், பதினெட்டுப் பேருக்கும் ஊட்டினேன் என்று நான் சத்தியம் செய்ய வேண்டுமா? அது பொய். அது உண்மையென்றால் அதைவிட மோசம். கேம்பில் யாரும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

ஜக்கரிய்யா காக்காவை உனக்குத் தெரியாது. எங்கள் கேம்பில் சமையல்காரர், வயது ஐம்பத்தாறு, எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன் மாதிரி. மூன்று பெண் பிள்ளைகள். நோட்டீஸ் விஷயம் தெரிந்து பெருநாளன்று என் கட்டிலுக்கு வந்தார்.

"தம்பி, கம்பெனி நஷ்டமாப் போச்சா?"

"தெரியல காக்கா."

"நஷ்டம்னா நஷ்டம்னு சொல்லிடு. நான் சபூர் செஞ்சு பொறுத்துக்குவேன். களவுன்னாத்தான் எனக்கு நெஞ்சு ஆறாது. ரெண்டுல எதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அதையே உன்னிடம் கேட்கிறேன். நஷ்டமா, களவா?

நான் ஸ்டோர் கிளார்க். கணக்கு பார்ப்பதுதான் என் வேலை. நீ அனுப்பிய லாபத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் தடவை ஆயிரத்துக்கு எண்பத்தேழு. பிறகு தொண்ணூற்றாறு. பிறகு எண்பத்தொன்று. பிறகு தொண்ணூற்றெட்டு. நான்கையும் கூட்டினால் வருடத்துக்குப் பதினெட்டுச் சதவீதத்துக்குச் சற்று மேல். நீ முதலில் நீட்டிய பாரத்தில் அச்சடித்திருந்த வட்டியும் பதினெட்டு. துறைமுகத்தில் கப்பல் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. கம்பெனியின் தொழில் என்று நீ சொன்ன கோடவுன் வாடகை எப்படிப் பாரத்து வட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது?

இன்னொன்று. எழுபத்தைந்து ஜனவரியில், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்ததும் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். "போட்ட பணம் போனால் போகட்டும், அதற்கு மேல் என்னிடம் யாரும் கேட்கக் கூடாது, இதைப் பத்திரத்தில் சேர்த்துவிடு" என்று எழுதியிருந்தேன். சேர்த்தாயா? அந்தக் கடிதம் எங்கே?

ஹாமிது

*

தூத்துக்குடி
9-10-1977

அன்புள்ள ஹாமிதுக்கு,

நேற்று எட்டாம் தேதி. நிக்காஹ் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். இந்த ஒரு மாதத்துக்குள் ஏதாவது நடந்துவிடும் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. உனக்கு நான் எழுதிய பொய்கள் போதும்.

களவுதான். ஜக்கரிய்யா காக்காவிடம் சொல்லிவிடு.

முத்தையாபுரத்தில் கம்பெனிக் கோடவுன் என்று போட்டோ அனுப்பினேனே, அது இருக்கிறது. தகரக் கூரை. உள்ளே ஆடு படுத்திருக்கும். ஒரு நாள்கூட ஒரு மூட்டை இறங்கியதில்லை. புதுத் துறைமுகம் திறந்த நேரம், ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. மாதம் ஒரு ஞாயிறு, பணம் போட யோசிக்கிறவர்களை பஸ் பிடித்துத் துறைமுகத்துக்கு அழைத்துப் போவேன். பாலத்தில் நின்று கப்பலைக் காட்டுவேன். அன்றைக்கு மட்டும் நான்கு வாடகை லாரிகளில் கம்பெனிப் பெயர் எழுதிய துணி கட்டியிருக்கும். திரும்பும் வழியில் முட்டை பரோட்டா. பரோட்டா தின்ற கையைக் கழுவுமுன் பாரத்தை நீட்ட வேண்டாம் என்பது முதலாளி எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். கை கழுவி, வெற்றிலை போட்ட பிறகுதான் மனிதன் தாராளமாக இருப்பானாம்.

இரண்டாவது பாடம் இதைவிடப் பெரியது. "ஏலே பாண்டி, துட்டுக் கேட்டு எவன் வீட்டுக்கும் போவாத. துட்டி கேக்கப் போ. கல்யாண வீட்டுல ஆயிரம் பேரு நிப்பான், உன் மொகம் எவனுக்கும் ஞாபகம் இருக்காது. எழவு வீட்டுல கூட நின்னவன மறக்க மாட்டான்." அதன்படி செய்தேன். மூன்று வருடத்தில் நூற்றுப் பதினேழு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். பாடை தூக்கியிருக்கிறேன். தீபாவளிக்கு அல்வா, பெருநாளைக்குப் பேரீச்சம்பழம், கிறிஸ்துமசுக்குக் கேக் என்று வீடு வீடாகப் போனேன். எவன் வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

பிச்சம்மாள் யார் என்று கேட்டாய். உப்பளத்தில் கூலி. அவள் புருஷன் மாசானம் உப்பு லாரி கவிழ்ந்து செத்தான். பாடைக்கு முன்னால் நான் நின்றேன். பதினாறாம் நாள் முடிந்து லாரிக்காரன் கொடுத்த நஷ்டஈட்டை வாங்கி வந்தவள், வீட்டுக்குப் போகுமுன் நேராக என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இத என் கையில வச்சிருந்தா என் அண்ணந்தம்பியே பிடுங்கிட்டுப் போயிருவானுவ, நீங்க வச்சிக்கிடுங்க" என்றாள். ஆறாயிரம் ரூபாய். அதிலிருந்துதான் அந்த ஆறு மாதத்துக்கான உன் லாபம் வந்தது. உன் உம்மா பெருநாளைக்கு வாங்கிய துணி, மாசானத்தின் உயிருக்கு வந்த கிரயம்.

லாபத் தாளில் எண்களைக் கோணலாகப் போட்டவன் நான்தான். எல்லாத் தடவையும் ஒரே தொகை வந்தால் காயல்காரர்கள் வட்டி என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, ஏற்றியும் இறக்கியும் எழுதினேன். எண்பத்தொன்று அனுப்பிய தடவை, கப்பல் குறைவு என்று ஒரு வருத்தக் கடிதமும் வைத்தேன். நீ அதற்கு, "பரவாயில்லை பாண்டி, உள்ளதைச் சொல்கிறாயே, அது போதும்" என்று பதில் எழுதினாய்.

முதலாளியின் அப்பா அந்தக் காலத்தில் முத்துச் சலாபத்தில் சிப்பி ஏலம் எடுத்தவர். கடலிலிருந்து வந்த சிப்பியைத் திறக்காமல் ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் போடுவார்களாம். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. சலாபம் நின்று பதினாறு வருடம் ஆகிறது. முதலாளி மட்டும் அதை இன்னும் சொல்வார்: "மூடின சிப்பிக்குத்தான்லே விலை. தொறந்து காட்டுனவன் பிச்ச எடுத்தான்." எங்கள் சிப்பிக்குள் ஒன்றுமில்லை என்று எனக்கு எழுபத்தைந்து கடைசியிலேயே தெரியும். பங்களாவை அருணாசலவடிவு அம்மாள் பெயரில் பதிந்த அன்று, கம்பெனிப் பெட்டியிலிருந்து ரொக்கத்தைப் பையில் போட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எடுத்துப் போனவன் நான். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் துட்டி கேட்கப் போனேன்.

உன் ஜனவரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. வக்கீலிடம் காட்டினேன். சேர்க்கத் தேவையில்லை, இதெல்லாம் சிநேகிதர்களுக்குள் பேசிக்கொள்வது என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பாண்டி

*

துபாய்
28-10-1977

செந்தூர்பாண்டி,

உன் கடிதத்தை ஜக்கரிய்யா காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மாசானம் இடம் வந்ததும், "போதும், மடிச்சு வை" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் சமைக்கவில்லை. மறுநாள், வருகிற சம்பளத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஏதாவது அனுப்ப முடியுமா என்று என்னிடம் விலாசம் கேட்டார். ஏமாந்தவன் ஏமாந்தவளுக்கு மணியார்டர் அனுப்ப வேண்டும். உன் முதலாளி மெட்ராஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

மரியத்தின் கடிதம் நேற்று வந்தது. அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"காக்கா, வட்டின்னு சொல்லிருங்க. நீங்க சொல்லாட்டியும் அது வட்டிதானே? வீடு போன பொறகு யாரு வந்து எனக்கு ஹலால் ஹராம் சொல்லப் போறாங்க? எனக்கு வயசு இருபத்தி மூணு. உம்மா உங்களச் சத்தியம் செய்யக் கூடாதுன்னு அழுவுறாங்க. உம்மாவுக்குத் தெரியாமத்தான் இத எழுதுறேன்."

என் தங்கை உம்மாவுக்குத் தெரியாமல் எழுதிய முதல் கடிதம் இது.

நான் அந்தச் சத்தியம் செய்ய மாட்டேன். வட்டி என்று சொன்னால் நான் தெரிந்தே வாங்கியதாக ஆகும். செய்ய வேண்டியவன் நீ. டிசம்பர் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை விசாரணை. என் வக்கீல் உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார். எனக்கு எழுதியதைக் கூண்டில் ஏறிச் சொல். ஹாமிது பெயருக்குத்தான் பங்குதாரர், அவனைக் கணக்குப் பார்க்க ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, லாபம் என்று அனுப்பியது நான் எழுதிய கள்ளக் கணக்கு என்று சொல். என் ஜனவரிக் கடிதத்தைக் கோர்ட்டில் கொடு. அது போதும், வீடு விடுபடும் என்கிறார்.

சொன்னால் உனக்கு ஜெயில் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஹாமிது

*

தூத்துக்குடி
14-11-1977

அன்புள்ள ஹாமிதுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

முந்தாநாள் பிச்சம்மாள் வந்தாள். மற்றவர்கள் வாசலோடு போய்விடுவார்கள். அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். கால் முழுக்க உப்பு வெடிப்பு.

"அண்ணாச்சி, காயப்பட்டணத்துல ஒரு வீடு இருக்காம்லா. அத வித்தா எங்களுக்குத் துட்டு வருமாம்லா."

"வரலாம்."

"நீங்க எதும் குறுக்க சொல்லிராதிய. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் உனக்குச் சாட்சி சொன்னால் அவளுக்குக் கிடைக்க இருக்கும் ஒரே வீடும் போகிறது. அவளுக்காக வாய் மூடினால் மரியத்தின் வீடு போகிறது. இதைத்தான் ராத்திரி பகலாக யோசிக்கிறேன். நாற்பத்திரண்டு உப்பளக் குடும்பம் ஒரு பக்கம், உன் தங்கை ஒரு பக்கம். நான் யாரென்று இதைத் தீர்மானிக்க?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. மைத்துனர் வெள்ளத்துரையே வந்தார். "அண்ணன் உன்னப் பத்தி ரொம்ப விசாரிச்சாவ. நீ வாயத் தொறக்காம இருந்தா கேசுல உன் பேரு வராது. மெட்ராசுல புதுசா ஒண்ணு தொடங்கப் போறாவ. ஜனங்ககிட்டப் பேச உன்னய மாதிரி ஒருத்தன் வேணும்ங்காவ" என்றார். என் பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். வெள்ளத்துரை போகும்போது அவள் கையில் ஆரஞ்சுப் பழம் ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். எனக்குச் சொல்லித் தந்த பாடத்தை என் வீட்டிலேயே நடத்திக் காட்டிவிட்டார்.

டிசம்பர் ஐந்தாம் தேதி வருகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. வரமாட்டேன் என்று எழுதவும் முடியவில்லை.

பாண்டி

*

துபாய்
15-12-1977

செந்தூர்பாண்டி,

ஐந்தாம் தேதி நீ வரவில்லை. கோர்ட்டில் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். கேஸ் ஜனவரி இருபத்து மூன்றாம் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் தவணை முடிந்ததும் ஆளனுப்பி, கொடுத்த பாக்கு வெற்றிலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கோபமாக ஒன்றும் பேசவில்லையாம். "எங்க பையன எங்க கொண்டு குடிவைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்களாம். நியாயமான கேள்வி.

எனக்குப் பதிலே வேண்டாம். நேரில் வந்து கோர்ட்டில் சொல்.

ஹாமிது

*

துபாய்
2-2-1978

செந்தூர்பாண்டி,

டிசம்பர்க் கடிதத்தை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருந்தேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீது அட்டை எனக்கு வந்துவிட்டது. உன் எஸ் எழுத்தின் வால் எனக்குத் தெரியும். ஆக, படித்திருக்கிறாய்.

ஜனவரியிலும் நீ வரவில்லை. அடுத்தது மார்ச் பதிமூன்று. இனியும் சாட்சி வராவிட்டால் அன்றைக்கே ஏல உத்தரவு ஆகும் என்று வக்கீல் எழுதியிருக்கிறார்.

லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வருகிறேன்.

ஹாமிது

*

காயல்பட்டினம்
26-2-1978

செந்தூர்பாண்டி,

தூத்துக்குடியில் உன் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொன்னாள்: "மெட்ராசுக்குப் போயிட்டாவளே. அங்கன புதுக் கம்பெனியாம், இவியதான் மேனேஜராம். பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு." மெட்ராஸ் விலாசத்தையும் அவளே தந்தாள். உன் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

அங்கிருந்து பஸ் ஏறி முத்தையாபுரம் போய்ப் பிச்சம்மாளைப் பார்த்தேன். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கூட நான்கைந்து பெண்கள்.

"நீங்கதான் அந்த துபாய் மொதலாளியா?"

நான் ஹாமிது என்றேன்.

"எதுல வந்திய?"

"பஸ்ஸுல."

"ஏளா, மொதலாளி பஸ்ஸுல வந்திருக்காவளாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் காலைப் பார்த்தாள். "செருப்பு என்னய்யா இப்படிக் கெடக்கு? வாருக்கு ஊக்குப் போட்டிருக்கிய." அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நீயும் நானும் பி.காமில் கோட்டை விட்டதை ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். "அப்ப உங்களயும் என்னய மாதிரித்தான் செஞ்சிருக்கானுவ" என்றாள். ஜக்கரிய்யா காக்கா கொடுத்தனுப்பிய இருநூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. "ஏமாந்தவன் துட்டு எனக்கெதுக்கு? ஏமாத்துனவன் தரட்டும்." வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். தங்கை, கல்யாணத்துக்கு இருந்தவள் என்றேன்.

"நான் கேச வாபஸ் வாங்க மாட்டேன்யா. எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு. அந்த வீட்ட விட்டா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாவ."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு அவளுடைய வக்கீலிடம் போனேன். வாதியும் பிரதிவாதியும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததை அவர் அதிசயமாகப் பார்த்தார். நீ எனக்கு எழுதிய அக்டோபர்க் கடிதத்தைக் கொடுத்தேன். பங்களா பதிந்த அன்று நீ ரொக்கப் பை தூக்கிப்போன இடம் வந்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு சொன்னார்: "இந்தக் கடுதாசிய வச்சு மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது. எழுதினவன் கூண்டில் ஏறி, ஆமா, நான்தான் கம்பெனிப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினேன்னு சொன்னால், பங்களாவை ஜப்தி செய்யலாம். நாற்பத்திரண்டு பேருக்கும் முழுசாகக் கொடுத்து மிச்சம் வரும். இந்தத் தம்பி வீட்டைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது."

நவம்பரில் நீ என்ன எழுதினாய்? பிச்சம்மாள் ஒரு பக்கம், என் தங்கை ஒரு பக்கம், நடுவில் நீ தவிப்பதாக எழுதினாய். இரண்டு பக்கமே இல்லை, செந்தூர்பாண்டி. உன் ஒரு வாய்ப்பேச்சில் இரண்டு பேரும் பிழைப்பார்கள். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் பை தூக்கிப் போன உனக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. என்னிடமும் கடைசிவரை ஒரு மூடின சிப்பியையே விற்றாய்.

மரியம் இப்போது புது வீட்டுக்குள் போவதில்லை. நோட்டீஸ் ஒட்டிய கதவைத் திறந்தால் குற்றமாகுமோ என்று பயம். காலையில் வாசலை மட்டும் பெருக்கிவிட்டு, உம்மாவோடு இருக்கும் பழைய வாடகை வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். வட்டி என்று சத்தியம் செய்யச் சொல்லி இப்போது கேட்பதில்லை. எதுவுமே கேட்பதில்லை. நேற்று வெள்ளத்துரை இரண்டு ஆட்களோடு வந்து தெருவில் நின்று, வீட்டை முன்னும் பின்னும் அளந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஏலத்தில் எடுக்க ஆள் தயார்.

மார்ச் பதிமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. நானும் பிச்சம்மாளும் கோர்ட்டு வராந்தாவில் நிற்போம். அவள் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ வந்து சொல்.

இந்தக் கவருக்குள் என் விலாசம் எழுதிய தபால் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் இரண்டு வரி நானே எழுதிவிட்டேன்: வருவேன். வரமாட்டேன். இரண்டில் ஒன்றை அடித்துவிட்டுத் தபாலில் போடு.

ஹாமிது